இன்னொரு பிரதி எதற்கு?

"இந்தப் புத்தகம் நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கே சார், இன்னொண்ணு எதுக்கு?" பல்கலைக்கழக நூலகத்தின் அரிய நூல் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்டுப் பழகிய கேள்வி இது. கொள்முதல் கூட்டத்தில் கேட்பார்கள், தணிக்கைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள், அலமாரியில் இடம் குறைந்துவிட்டால் பக்கத்து மேசைக்காரரே கேட்பார். பாடப்புத்தகப் பிரிவில் அது நியாயமான கேள்விதான். அங்கே எந்தப் பிரதியை எடுத்துப் படித்தாலும் மாணவருக்கு ஒன்றே. என் பிரிவில் அப்படி இல்லை. இங்கே இருப்பது ஒரு பிரதி, வருவது வேறொரு பிரதி. இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதாலேயே இரண்டும் ஒன்றாகிவிடாது. இத்தனை வருட வேலையில் நான் எதற்காக அதிகம் வாதாடியிருக்கிறேன் என்று கேட்டால், இதற்காகத்தான்.

அரிய நூல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது என்கிற வகை. தமிழில் அதற்கு முதல் உதாரணம் 'தம்பிரான் வணக்கம்'. என்றீக்கே என்றீக்கசு பாதிரியார் தமிழாக்கி 1578 அக்டோபரில் கொல்லத்தில் அச்சிட்டது. மொத்தம் 16 பக்கம். இந்திய எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூல் அது. இன்று அறியப்பட்ட ஒரே பிரதி அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹோட்டன் நூலகத்தில் இருக்கிறது. அதன் உள்ளடக்கம் ஒரு போர்த்துகீசிய ஞானோபதேச நூலின் தமிழ் வடிவம்தான். ஆனால் கோவாவில் 1577இல் வார்த்த தமிழ் எழுத்தையும் கொல்லத்தில் 1578இல் வார்த்த எழுத்தையும் அதே சிறு நூல் நமக்குக் காட்டுகிறது. எழுத்து எங்கே வார்க்கப்பட்டது, முதல் முயற்சிக்குப் பின் ஏன் இரண்டாவது முயற்சி வேண்டியிருந்தது என்றெல்லாம் கேட்கத் தொடங்குகிறோம் அல்லவா, அந்தக் கேள்விகளை எழுப்புவது அந்தத் தாள்தான். உபதேசத்தை மட்டும் யாராவது நகலெடுத்து வைத்திருந்தால் இந்தக் கேள்விகள் பிறந்தே இருக்காது.

நான் நாள்தோறும் கையாளுவது இத்தகைய பெருமை வாய்ந்த அபூர்வம் அல்ல. தமிழ் அச்சில் அபூர்வமாகிப்போனவை பெரும்பாலும் ஒரு காலத்தில் எல்லோர் கையிலும் இருந்தவை. காலணாவுக்கும் அரையணாவுக்கும் தெருவில் பாடி விற்ற குஜிலிப் புத்தகங்கள், பஞ்சாங்கம், பள்ளிக்கூட வாசகம், நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம். காவியத்தின் முதல் பதிப்பை வாங்கியவர் அதற்குத் துணி பைண்டிங் போட்டுப் பேரனுக்கு விட்டுப்போனார். வெள்ளத்தைப் பற்றியும் ரயில் விபத்தைப் பற்றியும் கொலை வழக்கைப் பற்றியும் எட்டுப் பக்கத்தில் வந்த சிந்துப் பாட்டை வாங்கியவர், படித்து முடித்ததும் அதில் பொட்டுக்கடலை மடித்தார். ஆகவே காவியம் பத்து நூலகத்தில் கிடைக்கும், சிந்து கிடைக்காது.

அந்தச் சிந்துகள் இருந்தன என்பதற்கு ஆதாரம் அரசாங்கத்தின் பழைய பட்டியல்களில் இருக்கிறது. 1867ஆம் வருஷத்து அச்சக, புத்தகப் பதிவுச் சட்டத்தின்படி அச்சான புத்தகங்களைப் பதிய வேண்டியிருந்தது. காலாண்டுக்கு ஒரு முறை அரசிதழோடு பட்டியல் வெளிவந்தது. நூலின் பெயர், ஆசிரியர், அச்சுக்கூடம், பக்க எண்ணிக்கை, அளவு, எத்தனையாவது பதிப்பு, எத்தனை பிரதி, என்ன விலை, எழுத்துக் கோத்ததா கல்லச்சா என்பதுவரை அதில் கண்டிருக்கும். அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்வது என் வழக்கம். பட்டியலில் ஆயிரம் பிரதி என்று இருக்கும், எந்த நூலகத்தின் நூற்பட்டியைத் தேடினாலும் ஒன்றும் அகப்படாது. பிறகு ஒருநாள் யாரோ ஒருவர் வீட்டிலிருந்து வரும் மூட்டையில் அது கிடைக்கும்போது ஏற்படும் பரவசம், இத்தனை காலத்துக்குப் பிறகும் குறையவில்லை.

மூட்டை என்றேன். நன்கொடையாக வருபவை பெரும்பாலும் மூட்டையாகவும் தகரப் பெட்டியாகவும்தான் வரும். ஆனால் அவை என் மேசைக்கு வருவதற்கு முன் நான் அங்கே போய்விட வேண்டும் என்று நினைப்பவன் நான். வீட்டில் எந்த அலமாரியில் எந்தத் தட்டில் எதற்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதைப் படமெடுத்து, தட்டுக்கு ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணோடுதான் கட்ட வேண்டும். வைத்திய நூலுக்குப் பக்கத்தில் சோதிட நூல் இருந்ததா, காங்கிரஸ் மாநாட்டுப் பிரசுரத்தோடு தேவாரம் இருந்ததா என்பதில் ஒரு மனிதரின் படிப்பு இருக்கிறது. அட்டைப் பெட்டியில் அளவு பார்த்து அடுக்கிக் கொண்டுவந்துவிட்டால் அந்தப் படிப்பு போய்விடும், வெறும் புத்தகங்கள்தான் மிஞ்சும்.

காவிரிக்கரை ஊர் ஒன்றில் மாமனாருடைய புத்தகங்களைக் கொடுக்க முன்வந்த ஓர் அம்மா, முற்றத்துத் திண்ணையில் எல்லாவற்றையும் தூசி தட்டித் தயாராக வைத்திருந்தார். ஒரு கட்டை மட்டும் தனியாக ஒதுக்கியிருந்தார்.

"இது எதுக்கும்மா தனியா இருக்கு?"

"அது வேண்டாங்க தம்பி. பைண்டு போட்ட புஸ்தகம் எல்லாம் இந்தப் பக்கம். அதுல மேல கண்ட காகிதத்தைச் சுத்தி வச்சிருக்காங்க, பார்க்க நல்லா இல்லை. பிரிச்சுப் போட்டுட்டுத் தரேன்."

"பிரிக்காதீங்கம்மா. அந்தக் காகிதத்தோடயே குடுங்க."

தேவாரப் புத்தகத்துக்கு அட்டை போட்டிருந்த தாள், உட்பக்கம் மடிந்து கிடந்த ஒரு நாடக நோட்டீஸ். டிக்கெட் விலை, ஆட்டம் தொடங்கும் நேரம், ஸ்திரீகளுக்குத் தனி இடம் உண்டு என்ற அறிவிப்பு எல்லாம் தெளிவாக இருந்தன. கொட்டகையில் கூட்டத்துக்குக் கொடுத்த தாள் வேறெப்படியும் பிழைத்திருக்காது. தேவாரம் அதைக் காப்பாற்றியிருக்கிறது, அது தேவாரத்தைக் காப்பாற்றியிருக்கிறது. இரண்டையும் பிரித்து இரண்டு எண் கொடுக்கலாமா, சேர்த்தே வைக்கலாமா என்று பிரிவில் எங்களுக்குள் விவாதம் நடந்தது. சேர்த்தே வைத்தோம். நூற்பட்டியில் மட்டும் இரண்டு பதிவு, ஒன்றிலிருந்து மற்றதற்குக் குறிப்பு. நாடக வரலாறு தேடுகிறவருக்கும் சைவ இலக்கியம் தேடுகிறவருக்கும் அந்த ஒரு பொருள் இரண்டு வழியில் போய்ச் சேரும்.

பொதுவான நூலக வழக்கம் இதற்கு நேர் எதிரானது என்பதைச் சொல்லியாக வேண்டும். நம் நூலகங்களில் ஒரு புத்தகம் உள்ளே வந்தால் முகப்பில் ரப்பர் ஸ்டாம்ப் குத்துவார்கள், ரகசியப் பக்கம் என்று ஒரு பக்கத்தை நிர்ணயித்து அதிலும் அக்சஷன் எண் எழுதுவார்கள். திருட்டைத் தடுக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் மெல்லிய பழைய தாளில் ஸ்டாம்ப் மை மறுபக்கத்துக்கு ஊறி எழுத்தைத் தின்றுவிடும். எங்கள் பிரிவில் பென்சில் மட்டுமே. அடுத்தது பைண்டிங். தளர்ந்த புத்தகத்தைப் பைண்டருக்கு அனுப்பினால் மேலட்டையைக் கழற்றுவார், மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் விட்டு ஓரத்தை நேராக்குவார், ரெக்சின் போட்டுத் தங்க எழுத்தில் பெயர் பொறித்துத் திருப்பித் தருவார். கட்டு உறுதியாக இருக்கும். ஓரத்தில் ஒரு வாசகர் எழுதியிருந்த குறிப்பில் பாதி மெஷினோடு போயிருக்கும். இதழ்த் தொகுதிகளில் இன்னும் மோசம். மேலட்டையும் விளம்பரப் பக்கங்களும் 'விஷயம்' இல்லை என்று எடுத்துவிட்டுத்தான் பல இடங்களில் வருஷவாரியாகக் கட்டியிருக்கிறார்கள். சோப்பும் தைலமும் கிராமபோன் தட்டும் விற்ற பக்கங்கள் அவை. அந்தக் காலத்து மக்கள் எதை வாங்கினார்கள், எதற்கு ஆசைப்பட்டார்கள் என்று ஆராய வருகிற மாணவிக்கு நான் கொடுக்க வேண்டிய பக்கங்கள். கட்டாத உதிரி இதழ் எங்காவது கிடைக்கிறதென்றால், கட்டிய தொகுதி எங்களிடம் முழுமையாக இருந்தாலும் நான் கை நீட்டி வாங்கிக்கொள்வது இதனால்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களில் ஒரே பதிப்புக்குள்ளேயே பிரதிக்குப் பிரதி மாறும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கை அச்சுப் பொறியில் தாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிழை கண்ணில் பட்டால் நிறுத்தி எழுத்தை மாற்றிவிட்டு ஓட்டுவார்கள். முன்பே ஓடிய தாளையும் வீணாக்க மாட்டார்கள், அதுவும் கட்டில் சேரும். சில பிரதிகளில் பிழைதிருத்தம் தனித் துண்டாக ஒட்டியிருக்கும், சிலவற்றில் இராது. சிறப்புப்பாயிரம் தாமதமாக வந்திருந்தால் பிறகு கட்டிய பிரதிகளில் மட்டும் இருக்கும். கையொப்பம் செய்து முன்பணம் கொடுத்தவர்களின் பட்டியல் சில பிரதிகளில் விட்டுப்போயிருக்கும். திருட்டுப் பதிப்புக்கு அஞ்சிய பதிப்பாளர் தம் முத்திரையைக் குத்தியிருப்பார். விலையின் மேல் வேறொரு விலையை ஒட்டியிருப்பார்கள். பின்னட்டையில் 'எங்களிடம் கிடைக்கும் புத்தகங்கள்' என்ற பட்டியல் பிரதிக்குப் பிரதி மாறும். அந்தப் பட்டியலை வைத்தே எது முன்னால் விற்றது, எது பிந்தி விற்றது என்று கணிக்கலாம். இத்தனையையும் பார்க்க இரண்டு பிரதியாவது பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்தால், அதில் இருப்பதுதான் புத்தகம் என்று நினைத்துவிடுவோம்.

ஓலைச்சுவடியில் இன்னொரு பிரதி எதற்கு என்ற சந்தேகம் யாருக்கும் வருவதில்லை. உ.வே.சாமிநாதையர் ஒரே நூலுக்கு ஊர் ஊராகப் போய்ப் பல சுவடிகளைத் தேடியதைத் தமிழ் படித்த எவரும் குறை சொல்லார். 1887இல் வந்த சீவக சிந்தாமணிப் பதிப்பும் 1894இல் வந்த புறநானூற்றுப் பதிப்பும் அப்படித்தான் உருவாயின. கையால் எழுதியது என்பதால் ஒவ்வொரு சுவடியும் தனி என்று நாம் ஒப்புக்கொள்கிறோம். அச்சுக்கு மட்டும் அந்த மதிப்பைத் தர மனம் வருவதில்லை. சுவடியிலும்கூட மூலத்தின் பாடபேதத்தைத் தாண்டி நாம் கவனிப்பது குறைவு. எழுதியவர் இறுதியில் வைத்த குறிப்பில் வருஷப் பெயர், மாதம், தேதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் சொல்லியிருப்பார். அறுபது வருஷச் சுற்றில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். 'விரோதி' என்றால் 1829ஆக இருக்கலாம், 1889ஆக இருக்கலாம், 1949ஆகவும் இருக்கலாம். தேதியும் கிழமையும் நட்சத்திரமும் எந்த வருஷத்தில் ஒத்துவருகின்றன என்று பழைய பஞ்சாங்கத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். தென்பாண்டிச் சுவடி என்றால் கொல்லம் ஆண்டும் சில வேளை கூடவே இருக்கும். கொல்லம் 1000 என்றால் 1824-25, குழப்பமே இல்லை. பஞ்சாங்கங்களை ஏன் இவ்வளவு சேர்த்து வைக்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் எடுத்துக் காட்டுவேன். ஒரு பிரிவில் இருக்கும் மலிவான பொருள் பக்கத்துப் பிரிவில் இருக்கும் சுவடியின் வயதைச் சொல்கிறது.

பாதுகாப்பு வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் புதுமை எதுவும் இல்லை, விடாமல் செய்வதுதான் முக்கியம். உலர்ந்த ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய். எழுத்து மங்கியிருந்தால் விளக்குக்கரி தடவித் துடைப்பது. சட்டத்துக்கும் ஏட்டுக்கும் நடுவே கயிறு இறுக்கக் கூடாது. காகிதத்தில் எங்கள் பெரிய எதிரி ராமபாணப் பூச்சியோ கரையானோ அல்ல, காகிதமேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மரக்கூழில் செய்து படிகாரமும் குங்கிலியமும் ஏற்றிய தாள் தனக்குள்ளேயே அமிலத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. தொட்டால் நொறுங்கும். கிழிசலுக்கு ஜப்பானியத் தாளும் கோதுமைப் பசையும் போதும், பிறகு வேண்டுமென்றால் தண்ணீரில் எடுத்துவிடலாம். பின்னால் எடுக்க முடியாத எதையும் செய்யக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. ஒரு காலத்தில் நல்லெண்ணத்தோடு அசிட்டேட் படலம் வைத்து ஒட்டிய ஆவணங்கள் இன்று படலத்தோடு சேர்ந்து சுருங்கிக் கிடக்கின்றன.

அதைவிட எனக்குக் கவலை தருவது வேறொரு நம்பிக்கை. "ஸ்கேன் பண்ணியாச்சு, இனி ஒரிஜினல் எதுக்கு?" என்ற நம்பிக்கை. இதை ஏற்கெனவே பெரிய அளவில் செய்து பார்த்து நட்டப்பட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் பல பெரிய நூலகங்கள் செய்தித்தாள்களை நுண்படம் எடுத்துவிட்டு மூலத்தைக் கழித்துக்கட்டின. தாளின் மூலையை முன்னும் பின்னும் மடித்துப் பார்ப்பார்கள், சில மடிப்பில் ஒடிந்தால் அது ஆயுள் முடிந்த தாள் என்று தீர்ப்பு. அந்தச் சோதனையின் பெயரையே தலைப்பாக வைத்து நிக்கல்சன் பேக்கர் என்ற எழுத்தாளர் 2001இல் ஒரு புத்தகம் எழுதி, புரட்டிப் படிக்கத் தக்க தாள்களை எறிந்துவிட்டார்கள் என்று வாதாடினார். எழுதியதோடு நிற்கவில்லை. பிரிட்டிஷ் நூலகம் விற்க முன்வந்த அமெரிக்க நாளிதழ்த் தொகுதிகளைத் தாமே வாங்கிச் சேமித்தார். நியூயார்க்கில் புலிட்சர் நடத்திய 'வேர்ல்ட்' நாளிதழின் வண்ண ஞாயிறு மலர்கள் அவற்றில் இருந்தன. கறுப்பு வெள்ளை நுண்படத்தில் அந்த வண்ணம் எங்கே இருக்கும்? 2004இல் அந்தச் சேகரம் டியூக் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனது. கழித்தவையும் நூலகங்கள், கடைசியில் ஏற்றுக்கொண்டதும் நூலகம்.

இதைச் சரியாகச் செய்ததற்கு நமக்கு அருகிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். தம் வாழ்நாள் முழுவதும் தமிழ்ப் புத்தகங்களையும் இதழ்களையும் அவற்றோடு நோட்டீஸ், அழைப்பிதழ் வகைகளையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. வாங்கியவர்கள் கப்பலில் ஏற்றவில்லை. நூல்களைச் சென்னையிலேயே நூலகமாக அமைத்து, நுண்படமெடுக்கும் பணியையும் இங்கேயே நடத்தினார்கள். நகல் எடுத்தார்கள், மூலத்தையும் காத்தார்கள். பல்கலைக்கழக நூலகம் ஒன்று செய்யக்கூடிய நல்ல காரியங்களில் இதற்கு ஈடாக எதையும் நான் கண்டதில்லை. மூலம் ஒரே இடத்தில் மட்டும் இருப்பதன் ஆபத்தும் நமக்குத் தெரியும்: யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாதவற்றுக்கு அதற்குப் பிறகு என்ன செய்ய முடியும்? இன்னொரு பிரதி இன்னொரு ஊரில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்த ஊர்க்காரர்களிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஸ்கேன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பிரிவில் அந்தப் பணி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் எப்படி எடுப்பது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. முன்னட்டை, பின்னட்டை, முதுகு, வெற்றுத்தாள், ஒட்டிய துண்டு, இடையில் செருகிக் கிடந்த ரசீது எல்லாம் இருக்கும் இடத்திலேயே படமாக வேண்டும். பக்கத்தில் அளவுகோலும் வண்ண அட்டையும் இருக்க வேண்டும். குஜிலிப் புத்தகங்களின் மேலட்டை இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று மலிவான வண்ணத் தாளில் வரும். தெருவில் தூரத்திலிருந்து கண்ணை இழுத்தது அந்த வண்ணம். எழுத்து தெரிந்தால் போதும் என்று கறுப்பு வெள்ளையில் எடுத்துவிட்டால் பாட்டு கிடைக்கும், வியாபாரம் கிடைக்காது. சினிமாப் பாட்டுப் புத்தகத்தில் கதைச்சுருக்கம் பாதியில் நின்று 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடியும். 1931இல் வந்த 'காளிதாஸ்' தொடங்கி ஆரம்பகாலப் பேசும்படங்கள் பலவற்றின் படச்சுருள் இன்று இல்லை. மீதியைக் காண வெள்ளித்திரையே இல்லாதபோது, பாட்டுப் புத்தகத்தின் அட்டைப்படமும் நடிகர் பட்டியலும் அச்சுக்கூடத்தின் பெயரும்கூட சாட்சியாகிவிடுகின்றன.

இவ்வளவு கவனமாக வைத்துவிட்டுப் பூட்டிக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924இல் பொறுப்பேற்ற எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகம் பயன்படுவதற்கே என்பது. அரிய நூலுக்கு அது பொருந்தாது என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அந்த விதிதான் இந்தப் பிரிவின் அஸ்திவாரம். இளங்கலை மாணவர் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுப்பேன். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வர வேண்டும், பேனாவை வெளியே வைத்துவிட வேண்டும், சாய்வுத் தாங்கியில் வைத்துத்தான் திறக்க வேண்டும். வெள்ளைக் கையுறை கேட்பவர்களிடம் புகைப்படத்துக்குத்தான் அது, புத்தகத்துக்கு வேண்டாம் என்று சொல்வேன். துணி மாட்டிய விரலுக்குத் தாளின் முனை தெரியாது, கிழிந்துவிடும். சுத்தமான வெறுங்கையே நல்லது.

வாசகர்கள் வந்தால்தான் இந்தப் பிரதிகள் பேசும் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு நூலின் எங்கள் பிரதிகளில் ஒன்றின் ஓரங்களில் யாரோ ராகமும் தாளமும் குறித்திருந்தார்கள். நூற்பட்டியில் 'பென்சில் குறிப்புகள் உள்ளன' என்று மட்டும் எழுதியிருந்தோம். இசை படித்த ஒரு பெண் வந்து பார்த்துவிட்டு, அந்தப் பாட்டுகளுக்கு இன்று பாடுகிற ராகம் வேறு என்று சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பதிவை விரிவாக எழுதினோம், எந்தப் பக்கத்தில் என்ன ராகம் என்பதுவரை. எங்களிடம் அதே பதிப்பின் சுத்தமான பிரதி இன்னொன்று உண்டு. விற்பனைக்குப் போனால் சுத்தமான பிரதிக்குத்தான் விலை அதிகம். பிரிவுக்கு எது வேண்டும் என்று கேட்டால் இரண்டும் வேண்டும். சுத்தமானதில் அச்சு நன்றாகத் தெரிகிறது, மற்றதில் பாடியவர் தெரிகிறார்.

வீட்டில் தாத்தா காலத்துப் புத்தகம் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் விலையைப் பற்றி. நான் கேட்டுக்கொள்வது வேறு. கொடுக்க நினைத்தால் அலமாரியை அப்படியே விட்டு வையுங்கள். துடைக்க வேண்டாம், டேப் ஒட்ட வேண்டாம், பிளாஸ்டிக் லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பழைய அட்டையைக் கழற்றாதீர்கள். உள்ளே இருக்கும் ரசீதையும் கடிதத்தையும் குழந்தை கிறுக்கிய தாளையும் உருவாதீர்கள். அவற்றில் குடும்பத்துக்கு வேண்டியது எது என்று சேர்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். 'இது உங்ககிட்ட ஏற்கெனவே இருக்குமே' என்று நீங்களாக எதையும் ஒதுக்கவும் வேண்டாம். முன்கூட்டிச் சொல்லுங்கள், நாங்களே காமிராவோடும் கோணியோடும் வந்து, தட்டுத் தட்டாக எண் போட்டு எடுத்துக்கொள்கிறோம்.